மாறாத நம்பர்

கயல்விழி: டார்ச்ச அணைங்கப்பா... அணைங்கன்னா!

நல்லக்கண்ணு: இன்னும் வெளிச்சமே வரல ஆயி. வரப்புல பாம்பு கெடந்தா?

கயல்விழி: பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போலாம். கொட்டகைக்குள்ள வாங்க. கதவச் சாத்துங்க.

நல்லக்கண்ணு: மோட்டார் போடத்தான வந்தோம்? த்ரீ பேஸ் கரண்டு வர்ற நேரம்...

கயல்விழி: மோட்டார் கெடக்கட்டும். மேல அந்த ஓட்டு இடுக்குல ஒரு டப்பா இருக்கும். எடுங்க.

நல்லக்கண்ணு: இதா? ஏய்... இது உங்கம்மாவோட பெருங்காய டப்பால்ல? வீடு பூரா தேடிக்கிட்டு இருக்கா!

கயல்விழி: மூடியத் தொறக்காதீங்க. உள்ள ஒரு சின்ன போர்டு இருக்கு. மோட்டார் ஒயர் திருடனப் புடிக்க நானே செஞ்சேன். முக்காவாசி நேரம் தூங்கும், அதனால பேட்டரி மாசக்கணக்குல வரும். அப்பப்ப முழிச்சு, சுத்தி என்னென்ன புளூடூத்து இருக்குன்னு பாத்து எழுதிக்கும். மறுபடி தூங்கிடும்.

நல்லக்கண்ணு: நம்ம ஊரு தலையாரி மாதிரின்னு சொல்லு.

கயல்விழி: தலையாரி எழுத மாட்டாரு. இது எழுதும்... சிரிக்காதீங்கப்பா. போனு, காதுல மாட்டுறது, எல்லாமே ‘நான் இங்க இருக்கேன்’னு கத்திக்கிட்டே கெடக்கும். நமக்குக் கேக்காது. இதுக்குக் கேக்கும்.

நல்லக்கண்ணு: என்ன கேட்டுச்சாம்?

கயல்விழி: ஒரே ஒரு ஆளு. நான் மோட்டார் போட வர்ற அன்னிக்கெல்லாம், வந்த கொஞ்ச நேரத்துல அவனும் வர்றான். நான் கெளம்புனா அவனும் போயிடுறான். நான் வராத அன்னிக்கு அவனும் இல்ல.

நல்லக்கண்ணு: ஒயர் திருடனாத்தான் இருக்கும்.

கயல்விழி: திருடன் ஆளில்லாதப்ப வருவான். இவன் நான் இருக்குறப்ப மட்டும் வர்றான். தனியா வர பயந்துதான் இன்னிக்கு உங்களக் கூட்டியாந்தேன்.

நல்லக்கண்ணு: யாருன்னு பேரு காட்டாதா?

கயல்விழி: நம்பர் மட்டும்தான். போனா இருந்தா அடிக்கடி நம்பர மாத்திக்கும். இது மாறவே இல்ல. மலிவு சாமான் எதோ ஒன்னு... இயர்போனு, வாட்ச்சு...

நல்லக்கண்ணு: வாட்ச்சா?

கயல்விழி: ஏன்?

நல்லக்கண்ணு: சும்மா கேட்டேன்.

கயல்விழி: மொத சம்பளத்துல உங்களுக்கு வாங்கிக் குடுத்தேனே, அந்த மாதிரி.

நல்லக்கண்ணு: அது பீரோல இருக்கு. வேட்டிக்கு அடியில.

கயல்விழி: தெரியும். கட்டவே மாட்டீங்களே.

நல்லக்கண்ணு: கட்டிக்கிட்டு மேலத்தெருவுல போனா, நல்லக்கண்ணு நேரம் பாத்து என்ன கிழிக்கப் போறான்னு கேப்பாங்கம்மா.

கயல்விழி: ஒங்க நேரம் முடிஞ்சிருச்சான்னு பாக்குறேன்னு சொல்லுங்க.

நல்லக்கண்ணு: இந்த வாய்தான் ஆயி...

கயல்விழி: இந்த வாய்தான் கலெக்டருக்கு மனு எழுதுச்சு. வாய்க்கால மண்ணடிச்சுத் தூத்து, அதுமேல லாரி விடுறான் மேலத்தெரு அமிர்தலிங்கம். நாம மோட்டாரே கதின்னு கெடக்குறோம்.

நல்லக்கண்ணு: மெதுவாப் பேசு. அவரு காதுல விழுந்தா...

கயல்விழி: அவரா? இன்னுமா அவரு?... இருங்க. பேசாதீங்க.

நல்லக்கண்ணு: என்ன?

கயல்விழி: டப்பா முழிச்சிருச்சு; அது கேக்குறது என் போன்லயும் தெரியும், நான் பாக்குற வரைக்கும் தூங்காது. அதே நம்பர். இப்ப. இங்க. இந்தக் கோட்டப் பாருங்க. நீளமா இருந்தா பக்கத்துல இருக்கான்னு அர்த்தம். எவ்வளவு நீளமா இருக்கு பாருங்க!

நல்லக்கண்ணு: அத அணைச்சிரும்மா.

கயல்விழி: ஏன்?

நல்லக்கண்ணு: அணைச்சிருன்னா... வீட்டுக்குப் போவோம்.

கயல்விழி: எதுக்கு அவசரப்படுறீங்க?

நல்லக்கண்ணு: குளிரு.

கயல்விழி: ஆனி மாசத்துல குளிரா? நீங்க இங்கயே நில்லுங்க. நான் டப்பாவ எடுத்துக்கிட்டு வரப்புல நடந்து பாக்குறேன். கோடு எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம் இருக்கான்.

நல்லக்கண்ணு: வேணாம் கயலு... ஏய்! சொன்னாக் கேளு!

கயல்விழி: குறையுது... இந்தப் பக்கம் இல்ல... இன்னும் குறையுது...

நல்லக்கண்ணு: திரும்பி வந்துரும்மா!

கயல்விழி: அப்பா... அப்பா! அவன் உங்ககிட்டதான் இருக்கான்! கொட்டகைக்குப் பின்னாடி! ஓடியாங்க!

நல்லக்கண்ணு: கத்தாத ஆயி...

கயல்விழி: கால்ல விழுறேன்ப்பா, ஓடியாங்க!

நல்லக்கண்ணு: வர்றேன், வர்றேன்... அழுவாத. இந்தா, வந்துட்டேன்.

கயல்விழி: பின்னாடியே வர்றான். கோடு மறுபடி நீளுது. திரும்பிப் பாக்காதீங்க.

நல்லக்கண்ணு: பின்னாடி யாருமில்லம்மா.

கயல்விழி: இருக்கான்! முழுசா நீண்டுருச்சு. இங்கதான்... இங்க நம்ம ரெண்டு பேருதான... ஏன் இடுப்பப் பொத்துறீங்க? மடியில என்னப்பா?

நல்லக்கண்ணு: வெத்தல.

கயல்விழி: எடுங்க.

நல்லக்கண்ணு: வெத்தலதான்னு சொல்றேன்ல?

கயல்விழி: எடுங்கப்பா.

நல்லக்கண்ணு: ...இந்தா.

கயல்விழி: வாட்ச்சு.

நல்லக்கண்ணு: ஒரத்தநாட்டுல போன் கடை ஜாஹித் தம்பிகிட்ட சொல்லி அலாரம் வச்சேன். சத்தம் வராது, மடியில கெடந்து நடுங்கும். நீ எந்திரிக்கிறதுக்குள்ள எந்திரிச்சிருவேன். நீ வரப்புல போவ, நான் கருவ மரத்தோரமா வருவேன். நீ திரும்பி வீட்டப் பாத்து நடந்தா நானும் வந்துருவேன்.

கயல்விழி: எத்தன நாளு செத்துப் பொழச்சேன் தெரியுமா?

நல்லக்கண்ணு: அது கத்திக்கிட்டு இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? கடிகாரம்னுதான நெனச்சேன்.

கயல்விழி: எதுக்கு என் பின்னாடி வந்தீங்க?

நல்லக்கண்ணு: தூக்கம் வரல.

கயல்விழி: தூக்கம் வராதவருக்கு எதுக்கு அலாரம்?

நல்லக்கண்ணு: ...நீ எதுக்கு டப்பா வச்ச? ஒயர் திருடனுக்குன்னு சொல்லாத. நம்ம ஒயரு பூமிக்குள்ள போயி வருசமாச்சு. எவன் வந்து தோண்டப் போறான்? முன்னெல்லாம் நான்தான மோட்டார் போட்டேன்? திடீர்னு நீங்க வராதீங்க, இனிமே நான் போறேன்னு ஏன் அடம் புடிச்ச?

கயல்விழி: போன் வந்துச்சுப்பா. மனு குடுத்த மறுநாளே. யாருன்னு சொல்லல.

நல்லக்கண்ணு: என்ன சொன்னான்?

கயல்விழி: ‘உங்கப்பன் விடியக்காலம் தனியாத்தான மோட்டார் போட வருவான்’னு கேட்டான். அவ்வளவுதான். வச்சிட்டான்... உங்ககிட்ட யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?

நல்லக்கண்ணு: டீக்கடையில... இத்தன வருசத்துல என்னத் தொட்டதே இல்ல, அன்னிக்கு அமிர்தலிங்கம் என் தோள்ல கைபோட்டாரு... போட்டான். போட்டுக்கிட்டு, ‘இப்பல்லாம் உன் பொண்ணுதான் தனியா மோட்டார் போடுது போலருக்கே’ன்னான்.