உச்சவரம்பு உயர்ந்த ஜூலை

காபி நன்றாக இருக்கிறது, மேடம். லீக் அலுவலகத்தில் இவ்வளவு நல்ல காபி தருவார்கள் என்று தெரிந்திருந்தால், ஏதாவது தப்பு செய்துவிட்டு முன்பே வந்திருப்பேன்.

என் பெயர் வெண்டல் ஹாஸ்கின்ஸ். கான்சாஸ் சிட்டி கூடைப்பந்து அணியில் பதினொரு வருடமாகச் சம்பளத் திட்டம் போடுகிறவன். பந்தை ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறேன், விரல் பிசகிவிட்டது. ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆறரை அடி மனிதர்களை அதற்குள் மடக்கி உட்கார வைப்பதுதான் என் வேலை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனாலும் ஒலிப்பதிவு ஓடுகிறது, முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் புதிய டிவி ஒப்பந்தம் வந்தது. அந்தப் பணத்தால் ஜூலையில் வரம்பு ஒரே தாவலில் உயரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லா அணிகளுக்கும் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை பழைய பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நட்சத்திர வீரர்களுக்கு வலை வீசினார்கள். நாங்கள் குறிவைத்தது கீனன் ஸ்ட்ராடர். இருபத்தாறு வயது. ஜூன் கடைசியோடு அவன் பழைய ஒப்பந்தம் முடிகிறது, பிறகு யாரோடு வேண்டுமானாலும் சேரலாம். உயர்ந்த வரம்பிலும் அவனுக்கு இடம் போதவில்லை. பற்றாமல் போன இடம் சரியாக ருஃபஸ் டில்லார்டின் அளவு.

ருஃபஸ் எங்களுக்கு ஒன்பது வருடம் ஆடியவர். வயது முப்பத்து நான்கு. அவர் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருந்தது, ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர். அந்த வருடத்தை வைத்துக்கொள்வதும் விடுவதும் அவர் இஷ்டம். எங்களால் அவரைத் தள்ள முடியாது, அவராக இறங்க வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, விடியற்காலையிலிருந்து விலாக்கறியைப் புகையில் வேகவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு தட்டு நிறைய வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

“இந்த ஒரு வருஷத்த விட்டுடுங்க ருஃபஸ். வரம்பு ஏறுது, எல்லாருக்கும் இடம் இருக்கு. கீனன் கையெழுத்துப் போட்ட மறுநாளே உங்களுக்கு மூணு வருஷம் புதுசா போட்டுடறோம்.”

அவர் மனைவி ஒடெசா என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவள். “அத ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடேன் வெண்டல். உன் கோழிக் கிறுக்கலா இருந்தாலும் பரவால்ல” என்றாள்.

ஜூலைக்கு முன்னால் அப்படி எழுதித் தருவது உங்கள் விதிப்படி குற்றம் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். இந்தத் தொழிலில் பெரிய காரியமெல்லாம் வாய்வார்த்தையில்தான் நடக்கிறது என்றும் சொன்னேன். அது உண்மை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், மேடம், உங்களுக்கும் தெரியும்.

“அவன விடு ஒடெசா” என்றார் ருஃபஸ். “இவன் பயந்தாங்கொள்ளி. பொய் சொன்னா காது செவந்துடும், நான் பாத்திருக்கேன்.”

அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாமே சிவந்துதான் இருந்தது.

சொந்த வீரரை வரம்பு தாண்டியும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் அதுவரை அவர் பெயரில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். அந்தத் துண்டும் வரம்பில் இடத்தை அடைக்கும். துண்டு கிடந்தால் கீனன் உட்கார முடியாது. விதியின் முதல் பாதியை ருஃபஸிடம் சொன்னேன். இரண்டாம் பாதியை அவர் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் அவர் அந்த வருடத்தை விட்டுக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் ஜூலை ஒன்றாம் தேதி கீனனை வீட்டுக்கு அழைத்து விருந்தும் போட்டார். கீனனுக்கு ஒரே சந்தேகம்தான், “நீங்களும் இருப்பீங்கல்லண்ணே?” என்று கேட்டானாம். “நான் எங்கடா போறேன்” என்றாராம் இவர். பையன் அந்த இடத்திலேயே சரி சொல்லிவிட்டான். எங்கள் மேலாளர் மூன்று மாதம் டை கட்டிக்கொண்டு முயன்றும் முடியாத காரியம் அது.

ஆனால் ஆறாம் தேதிக்கு முன் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது உங்கள் விதி. அதற்குள் ருஃபஸ் வேறெங்காவது போனால் கீனனும் போய்விடுவான். இரண்டாம் தேதி மேற்குக் கரை அணி ஒன்று ருஃபஸுக்கு மூன்று வருடம் தர முன்வந்தது. என்னைக் கூப்பிட்டு, போகட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். போகாதீர்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

எனக்கு எதிலும் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை. அந்த அணியில் இருக்கும் நண்பனிடம் பேச்சுவாக்கில், ருஃபஸின் வலது முட்டி தினமும் காலையில் வீங்குகிறது, பாவம் என்றேன். அந்த முட்டியில் ஒரு குறையும் இல்லை. மாலைக்குள் இருபது அணிகளுக்குத் தெரிந்துவிட்டது. நம் ஆட்களுக்குப் பந்தைவிட வாய்தான் வேகம்.

ஆறாம் தேதி பத்து மணிக்கு ருஃபஸின் துண்டை எடுத்தேன். பத்தேகாலுக்குக் கீனன் கையெழுத்துப் போட்டான். ருஃபஸ் அப்போது மறுநாள் தன் ஒப்பந்தப் போட்டோவுக்காக முடிவெட்டிக்கொண்டிருந்தார். அணி தன்னைக் கைவிட்ட செய்தியைச் சலூன் டிவியில் பார்த்தார். பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டார் என்கிறார்கள், அதை நான் நம்பவில்லை, அவர் தோற்றத்தில் கவனமுள்ளவர்.

அதற்குள் எல்லா அணிகளும் தங்கள் புது இடத்தை நிரப்பிவிட்டன. அக்டோபர் வந்தது, முட்டி போன கிழவர் என்று யாரும் அவரை எடுக்கவில்லை. ஒருநாள் அவரே கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

“மூணு டாக்டர் பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லங்கறாங்க” என்றார் மெதுவாக. “ஆனா காலைல எந்திரிச்சா வீங்கின மாதிரிதான் தெரியுது. நடந்தா இழுக்குது. ஒன்பது வருஷமா எங்க ரிப்போர்ட்டெல்லாம் பாக்கறவன் நீ. என் முட்டிக்கு என்னடா?”

ஐஸ் வைக்கச் சொன்னேன். நன்றி சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்தது, மேடம். அன்று மதியம் சாப்பிடவில்லை.

இப்போது ஒடெசாவின் புகாரை வைத்துக்கொண்டு, ருஃபஸோடு ரகசிய ஒப்பந்தம் போட்டேன் என்கிறீர்கள். அது நிரூபணமானால் கீனனின் ஒப்பந்தம் ரத்தாகும் என்றும் தெரியும். ஒப்பந்தம் என்றால் கொடுக்கும் எண்ணம் வேண்டாமா? அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த கறியைத் தின்றுகொண்டிருந்தபோதே, அவருக்கு ஒரு டாலர்கூடத் தரப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவரிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் பொய். உங்கள் புத்தகத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை, நான் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்கே போனேன். விதி என்றால் எனக்கு அவ்வளவு மரியாதை.