கத்திக்காரன் வேகமா ஓடுதான்

— ஏலே டேவிட்சா, கத்திக்காரன் வேகமா ஓடுதான்லே.

— அவன் சரியாத்தான் ஓடுதான், அக்கா. ஒனக்கு நாப்பத்தாறு வயசாவுது. கை மெதுவாயிட்டு.

— இந்த மெட்டில்டா கையைப் பத்தி துறைமுகத்துல போய்க் கேளு. எடைமேடையில ஒரு நாளைக்கு எத்தன லாரிக்கு எடை போடுதேன். ஒரு தப்பு சொல்லச் சொல்லு.

— லாரி நிக்கும். கத்திக்காரன் நிக்க மாட்டாம்லா. ரெண்டு மணி நேரமா இந்த கேமுல அதே தீக்குழியில விழுந்து விழுந்து எந்திரிக்க. போதும், விடு.

— விடணுமா? மத்தியானம் சாப்பிடும்போது, நானும் இந்த கேமை முடிச்சவதான்னு சொன்னதுக்கு ஒம் மவ அனுஜா எப்படிச் சிரிச்சா. ‘எட்டாவது ஸ்டேஜ் வரைக்கும் போன ஒரே ஆளு எங்கப்பாதான் அத்தை’ங்கா. அவளுக்கு யாரு இதச் சொல்லிக் குடுத்தா?

— நான்தான். அதுல என்ன பொய்யி? இந்தத் தெருவுல கடைசி ஸ்டேஜுக்குப் போனது நான் ஒருத்தன். முடிச்சவன் கிடையாது.

— முடிச்சவ இருக்கா. ஒம் பக்கத்துல உக்காந்திருக்கா.

— பாத்தது யாரு?

— யாரும் பாக்கல. எந்நேரமும் ஆம்பளப் பயலுவ கூட்டம் அந்த வீடியோ கேம் பெட்டியைச் சுத்தி இருக்கும். எனக்கு அம்மா குசினியில சமையல்ல, நீ தெருவுலன்னு இருக்கப்பதான் ரிமோட்டு கைக்கு வரும். பன்னெண்டாம் கிளாஸ் லீவுல ஒரு நாள் முடிச்சேன். சொன்னா யாரு நம்புவா? சொல்லல. இன்னைக்கு வாய் விட்டுட்டேன். இனி ஆடிக் காட்டாம எந்திரிக்க மாட்டேன்.

— சரி, சரி. அனுஜா அஞ்சு மணிக்கு வந்துருவா. அதுக்குள்ள வேற எமுலேட்டர் போட்டுப் பாப்போம்.

— அந்தப் பேரு எனக்கு வாயில வரமாட்டேங்கு. லேப்டாப்பைப் பழைய பெட்டி மாதிரி நடிக்க வைக்கும்னு சொன்னேல்லா, நடிகன்னே சொல்லு. எத்தனாவது நடிகன்லே இது?

— மூணாவது. முதல் ஆளு பட்டன் அமுக்குனா ஒரு நொடி யோசிச்சான். ரெண்டாவதுல படம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு நீதான் சொன்ன.

— படத்தை வச்சு என்ன செய்ய. இவன் என்னமோ கேக்கான், பாரு.

— எந்த நாட்டுப் பெட்டி மாதிரி நடிக்கணும்னு கேக்கான். அமெரிக்கா, ஐரோப்பா, டெண்டி. அமெரிக்காவே போடுவோம். அதுதான் ஒரிஜினல்.

— நம்ம பெட்டி ஒரிஜினலா?

— அது எங்க ஒரிஜினல். சித்தப்பா கொழும்புத் தோணியில கொண்டுவந்த டூப்ளிகேட்டு.

— அப்ப எதுக்கு அமெரிக்காவைப் போடுத?

— எல்லாத்துலயும் அதத்தான் போட்டேன்... இரு, அக்கா. அமெரிக்காவுக்குப் பக்கத்துல அறுபதுன்னு இருக்கு. டெண்டிக்கு அம்பது.

— அறுபது என்னது?

— ஒரு செகண்டுக்கு எத்தன படம் ஓடுதுன்னு. சவம், கப்பல்ல கரண்டு வேலை பாக்க எனக்கு இது முதல்லயே தோணிருக்கணும். எங்க கப்பல்ல அறுபது சைக்கிள் கரண்டு, நம்ம கரையில அம்பது. கப்பல் மோட்டாரைக் கழத்தி கரைக் கரண்டுல மாட்டுனா மெதுவாத்தான் சுத்தும்.

— கத்திக்காரனும் அப்படியா?

— அதே கதைதான். கேமை அறுபதுக்குச் செஞ்சிருக்கான். நம்ம டூப்ளிகேட்டுப் பெட்டி நம்ம ஊரு டிவிக்காக அதை அம்பதுல ஓட்டிருக்கு. டெண்டிங்கது ரஷ்யாவுல வித்த டூப்ளிகேட்டாம். நம்மளுதும் அந்த ரகம்தான்.

— ஆக, அவன் வேகமாத்தான் ஓடிருக்கான்.

— ஆமா.

— என் கைக்கு ஒண்ணும் ஆகல.

— ஆகலக்கா. இந்தா, டெண்டி போட்டாச்சு. ஆடு.

— பாட்டைக் கேளு. இதுதாம்லே. கொஞ்சம் இழுத்து இழுத்து வரும்.

— தீக்குழி வருது.

— பேசாத.

— தாண்டிட்ட!

— இன்னும் எத்தனையோ கிடக்கு. இங்கன நீ எப்பவும் ஏணியில ஏறுவ. ஏறக் கூடாது. குனிஞ்சு நின்னா வவ்வால் தலைக்கு மேல போயிரும். ம்... போயிட்டு பாத்தியா.

— எட்டாவது ஸ்டேஜு. ஒத்த லைஃப்தான் மிச்சம். இங்கன சேவ் பண்ணி வைக்கட்டா? விழுந்தாலும் இதுல இருந்தே ஆடலாம்.

— அந்தப் பெட்டியில அது உண்டுமா?

— கிடையாது.

— அப்ப இப்பவும் வேண்டாம்.

— அக்கா, ராட்சசன் கோடாலியைத் தூக்குதான்.

— தூக்கட்டும். தூக்கும்போதுதான் அவன் வயிறு தெரியும்.

— விழுந்துட்டான்... அக்கா, விழுந்துட்டான்!

— இப்ப சொல்லு, முடிச்சவ யாரு?

— நீதான். ரிமோட்டைக் கீழ வைக்காத, இன்னும் இருக்கு. கத்திக்காரன் படகுல ஏறுததுக்கு முந்தி ஒரு தடவ நம்மளைத் திரும்பிப் பாப்பான், பாரேன்.

— ஆமா, பாக்கான்... ஏலே, நீ இங்கன வரைக்கும் வந்ததே கிடையாதே. அவன் திரும்புவான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?

— அனுஜா வரட்டும், அவகிட்ட நானே சொல்லுதேன். நீ முடிச்ச அன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய நின்னு முழுசும் பாத்தேன், அக்கா.