எளச்சுப் போயிட்டீங்களே

எனக்குச் சமைக்க வராது. நான் வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும் என்பாள் என் அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. மல்லசமுத்திரம் கந்தப்பனுக்கு நான் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்துவிட்டதாக ஒரு பேச்சு ஊருக்குள் உலவுகிறது. அவருக்கு நான் ஒரு கவளம்கூடக் கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் அவர் மனைவி கண்ணாத்தாள்தான். அதுவும் கொள்ளைப் பிரியத்தோடு.

நீங்கள் சென்னையிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் அதிகாரி. விஷயத்தை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு வேலை மிச்சம்.

என் பெயர் வெண்ணிலா. எருமப்பட்டிக்காரி. டாக்டர் பட்டம் உண்டு, ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மருந்து ஆராய்ச்சி. அதற்கு முன்னால் கோழித் தீவனக் கம்பெனியில் இருந்தேன். கறிக்கோழியைச் சீக்கிரம் கனக்க வைப்பது அங்கே என் வேலை. பிறகு மனிதர்களை மெலிய வைக்கும் மாத்திரைக்கு மாறினேன். "கோழியைக் கொழுக்க வெச்ச புள்ள, இப்ப அதைத் தின்னவீங்கள எளைக்க வெக்குதாமா" என்று என் பெரியப்பா வெள்ளியங்கிரி கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இரண்டும் ஒரே படிப்புதான். கோழி திருப்பிக் கேள்வி கேட்காது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

மாத்திரை நல்ல மாத்திரை. என் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு நான் வளர்த்த மாத்திரை. அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடியில் நடத்தினோம். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் சீல் வைத்த உறையைப் பிரிப்பார்கள். நிஜக்காரர்கள் நிறைய இளைத்து, வெறும்காரர்கள் இளைக்காமல் இருந்தால் மாத்திரை பாஸ்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எல்லோரும் இளைத்தார்கள்.

சோதனையில் பேர் கொடுத்த உற்சாகம். விடிந்ததும் நடை, சாயங்காலம் நடை. சிலர் டீயில் சர்க்கரையை விட்டார்கள். எல்லோரும் இளைத்தால் மாத்திரை எதற்கு? வெறும் மாத்திரையை விழுங்கிவிட்டு இளைப்பது, என்னைக் கேட்டால், ஒருவகை மோசடி.

வெறும்காரர்கள் யார் என்று தெரிந்தாக வேண்டும். உறையை நான் தொடவில்லை. நான் நேர்மையானவள். ஆனால் நிஜ மாத்திரை வயிற்றைச் சோம்பேறியாக்கும். சாப்பிட்டது சீக்கிரம் இறங்காது, குமட்டும். ஆகவே வருகிறவர்களிடம் குமட்டல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றவர்களை மனதில் குறித்துக்கொண்டேன். கேள்வி கேட்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அடுத்து நான் செய்தது ஒரு வார்த்தை சொன்னது மட்டும்தான். உங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்றால் அது பாராட்டு. எங்கள் பக்கம் அது துக்கம் விசாரிப்பது மாதிரி. அதுவும் பெண்டாட்டி காதில் விழும்படி சொல்லிவிட்டால், உன் வீட்டில் சோறு போடுவதில்லையா என்று ஊரே கூடிக் கேட்டதற்குச் சமம்.

எடப்பாடியில் தறி வைத்திருக்கும் செல்லமுத்துவிடம் அதை முதலில் சொல்லிப் பார்த்தேன். எடை மெஷினிலிருந்து இறங்கி, பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையைப் பெருமையாகக் காட்டினார். மனைவி பொன்னாத்தாள் வெளியே பெஞ்சில் இருந்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"என்னங்க, இப்படி எளச்சுப் போயிட்டீங்களே. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சுங்க."

"அதுக்குத்தானுங்க அம்மிணி மாத்தர குடுக்கறீங்க."

"மருந்துல எளைக்கறது வேறங்க. இது ஊட்டுல கவனிப்பில்லாத எளப்பாட்டம் இருக்குது."

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது புது ஓட்டைக்கு வேலையில்லை. பழைய ஓட்டைக்கே மூச்சு வாங்கியது. பொன்னாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க சாமி, மொகத்துல களை வந்திருச்சு" என்றார். குமட்டல் இல்லை என்ற எல்லோருக்கும் இதே வைத்தியம் செய்தேன். யாரும் என் மேல் கோபப்படவில்லை. தீபாவளிக்குப் பலகாரம்கூட அனுப்பினார்கள்.

இனி கந்தப்பன்.

மரவள்ளி போடுகிற விவசாயி. ஆள் நல்ல பாரம். இரண்டு முட்டியும் போய்விட்டது. எடை குறைந்தால்தான் முட்டி ஆபரேஷன் என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "எங்காட்டச் சுத்தி ஒருக்கா நடந்து வரோணுமுங்க அம்மிணி. வரப்புல சேர் போட்டு உக்கோந்து வேல வாங்கறது, பொணத்த உக்கார வெச்சாப்ல இருக்குது" என்றார். அவர் சோதனைக்கு வந்தது அதற்காகத்தான். அந்த ஒரு சுற்றுக்காக.

எப்போதும் கண்ணாத்தாள் பக்கத்திலேயே இருப்பார். நான் கேட்டேன்.

"குமட்டல் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"வாந்தி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"சாப்பாடு எறங்குதுங்களா?"

கந்தப்பன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவ கைச்சோறு எறங்காம போகுமுங்களா?"

"ஆமா, டாக்டரம்மாட்ட வந்துதான் இதச் சொல்லோணுமாக்கும்" என்று கண்ணாத்தாள் வெட்கத்தோடு அவரை முறைத்தார்.

வெறும்காரர் என்று முடிவு கட்டினேன். அவரும் கொஞ்சம் இளைத்திருந்தார். வார்த்தையைச் சொன்னேன். கண்ணாத்தாள் மாடிப்படி இறங்கும்போதே வெள்ளாட்டுக் கறிக்குப் போன் போட்டுச் சொல்வது கேட்டது. கறி, நெய் மிதக்கும் அரிசிம்பருப்புச் சோறு, எண்ணெயில் பொரித்த கச்சாயம். எடை குறைவது நின்றது, ஆனால் ஏறவில்லை. மற்றவர்கள் ஏறினார்களே என்று எனக்குச் சின்ன எரிச்சல். வந்தபோதெல்லாம் திரும்பச் சொன்னேன். கண்ணாத்தாள் அளவைக் கூட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாத்தாள் போனில் அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சாமி, அவரு சொல்லாதீன்னு சொன்னாருங்க. தின்னதையெல்லாம் கொல்லப்பக்கம் போயி வாந்தி எடுத்துட்டு வாராரு. மாத்தர முழுங்குன நாள்லருந்தே அப்படித்தானாமா. எனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவன்னு மூடி வெச்சிருக்காரு. இப்ப மேல்வவுத்து வலி, முதுகு வரைக்கும் இழுக்குதுங்களாம். தண்ணிகூடத் தங்க மாட்டீங்குது."

அப்போதுதான் புரிந்தது. கந்தப்பன் நிஜ மாத்திரைக்காரர். அவர் சொன்ன 'ஒண்ணுமில்லீங்க' என் கேள்விக்குப் பதிலே இல்லை. பக்கத்தில் இருந்த சமையற்காரிக்குச் செய்த மரியாதை. போட்ட சோறு வாய்க்கு வந்துவிட்டது என்று போட்டவளை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். இதே மண்ணில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை. இந்த வழக்கில் எனக்கு வெட்கம் தருவது அது ஒன்றுதான்.

முதுகுக்கு இழுக்கும் வலி கணையம் வீங்கி வெந்துபோனதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தி, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், குமட்டும் மனிதர் கறியாகத் தின்றது ஏன், தின்னத் தூண்டியது யார் என்று கேள்வி வரும். சோதனை முழுவதும் குப்பைக்குப் போகும். கடைசி எடை திங்கட்கிழமை. நடுவில் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

"அஜீரணமுங்கம்மா. ஓமத்தண்ணி குடுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க. திங்கக்கெழம வந்ததும் நானே பாக்கறேன்."

கறியையும் சோற்றையும் நிறுத்தச் சொன்னேன். நிஜ மாத்திரைக்காரர் என்று தெரிந்த பிறகு அவர் கனமாக வந்து நிற்பது நல்லதில்லை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், காரிலேயே இறந்துவிட்டார்.

துக்கத்துக்குப் போனேன். "என்ற கையாலயே போட்டுக் கொன்னுபோட்டனுங்களா சாமி?" என்று கண்ணாத்தாள் என் மடியில் விழுந்து கேட்டார். தலையைத் தடவிக் கொடுத்தேன். துக்க வீட்டில் ஆராய்ச்சி பேசுவது நாகரிகம் இல்லை.

நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். ஆனால் நீங்கள் உறையைப் பிரித்து, கந்தப்பன் நிஜ மாத்திரைக்காரர் என்று கண்டுபிடித்து, மரணத்துக்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கந்தப்பன் இறந்தபோதுகூட அப்படி ஆகவில்லை. வயிற்றைச் சோம்பேறியாக்குவது மாத்திரையின் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அந்த வயிற்றுக்குள் கறிச்சோற்றை ஏற்றி அனுப்பியவள் நான். வலி வந்தபோது ஆஸ்பத்திரிக் கதவை அடைத்தவளும் நான். வளர்த்த பிள்ளை மேல் பழி விழும்போது எப்படிச் சும்மா இருப்பது?

செல்லமுத்துவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்றீர்கள். வருத்தமான செய்திதான். ஆனால் அவர் எடை எங்கள் மெஷினில் நிஜமாகவே ஏறிய எடை. யாருடைய எடையிலும் ஒரு கிராமைக்கூட நான் மாற்றிப் பதியவில்லை, வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். கந்தப்பனைக் கொன்றது நான்தான். அவர் ஒருவரை மட்டும் கழித்துவிட்டு, மற்ற முடிவுகளை அப்படியே வெளியிடலாம். அதைத் தவிர இந்தச் சோதனையில் ஒரு தப்பும் நடக்கவில்லை.