அட்டையில் ஒரு திருத்தம்

எண்பதுகளில் ஒரு கோடை. சூரிச் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் பல்கலைக்கழகத்துக்கான ஆயத்த வகுப்புக்குப் போகிறாள் என்று பேச்சில் தெரிந்தது. காலையில் பாடம், பின்னேரம் அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றிய மியூசியத்தில் பயிற்சி.

"அக்கா, இண்டைக்கு மியூசியம் பாக்க வந்த ஒரு செவ்விந்தியர் என்னோட கதைச்சவர்."

"உண்மையாவோ?"

"ஓம். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில வைக்க நான் எழுதின விளக்க அட்டையில 'இந்த மக்கள் வாழ்ந்தார்கள்' எண்டு இருந்தது. 'நான் இப்பவும் இருக்கிறனே' எண்டு சிரிச்சார். எனக்கு வெக்கமாப் போச்சு."

"பிறகு?"

"அவருக்கு முன்னாலயே 'வாழ்கிறார்கள்' எண்டு மாத்தினன். ஊரைக் கேட்டார், யாழ்ப்பாணம் எண்டன். 'உங்கட சனத்தைப் பற்றி ஆர் எழுதுகினம்?' எண்டார்."

"நீ என்ன சொன்னனி?"

"சோதினை பாஸ் பண்ணிப்போட்டு நான் எழுதுறன் எண்டன்."