கட்டைவிரல் படும் இடம்

அந்த ஸ்டூலில் உட்காருங்கள் டீச்சர். மரத்தூள் ஒட்டினாலும் தட்டினால் போய்விடும். மழைக்காலத்தில் எங்கள் பராச்சோவில் யாரும் கிட்டாரின் கழுத்தை முடித்துக் கொடுக்க மாட்டோம். ஈரத்தில் மரம் ஊதிப்போய் அளவு நம்மை ஏமாற்றிவிடும். அதனால் இந்த மாதங்களில் பேசுவதற்கு வேண்டிய நேரம் இருக்கிறது. மொரேலியாவிலிருந்து அந்த வளைவுப் பாதையில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சோளக் கஞ்சி சூடாக இருக்கிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

என் மகள் மினெர்வாவின் இடது கை ஏன் இப்படி ஆனது, அதில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டீர்கள். நேராகக் கேட்டதற்கு நன்றி. இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் நேராகவே சொல்கிறேன், ஆனால் மரத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

இந்தத் தெருவில் ஒருவன் கிட்டாருக்குப் பெட்டி செய்வான், ஒருவன் கழுத்தில் மெட்டுக் கம்பி பதிப்பான், ஒருவன் வார்னிஷ் அடிப்பான். நான் கழுத்து மட்டும் செய்பவன். செலெரினோ செய்த கழுத்து என்றால் பெட்டி சுமாராக இருந்தாலும் கிட்டார் விலை போகும். சிவப்புத் தேவதாருக் கட்டையை அதோ அந்த நாடா ரம்பத்தில் கொடுத்து உருவத்தை அறுத்து எடுப்பேன். முதுகுப் பக்கத்தின் அதிகப்படி மரத்தை, பட்டை சுழலும் தேய்ப்பு மிஷினில் எடுப்பேன். மிஷினோடு அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு அவசரம் மட்டும்தான் தெரியும். அதன்பிறகு இரண்டு கைப்பிடி வைத்த இழைப்புளி, அரம், உடைந்த கண்ணாடித் துண்டு, கடைசியில் உப்புத்தாள். அரை வட்டம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அரை வட்டம் அல்ல அது, வாசிப்பவரின் உள்ளங்கை.

அந்த உள்ளங்கையைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. கொத்தனார்கள் நூலில் தடவிக் கோடு அடிக்கிற நீலப் பொடி தெரியுமல்லவா, அதை வாசிப்பவரின் கையில் பூசி, பாதி முடிந்த கழுத்தைப் பிடிக்கச் சொல்வோம். மரத்தில் நீலம் ஒட்டிய இடம் மேடு. அங்கே சீவ வேண்டும். மறுபடி பூசிப் பிடிக்க வேண்டும். கை முழுவதும் மெல்லிய நீலமாக மரத்தில் படியும்வரை சீவிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைப்பேன், கடைசியில் எடுத்துவிடலாம் என்று. அது என் பழக்கம்.

இதில் ஒரு மரியாதை உண்டு. கழுத்தைச் செய்தவனைத் தவிர வேறு யாரும் அதில் பொடி போட்டுப் பார்க்கக் கூடாது. போட்டால் அவன் வேலையைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். இதற்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திய வீடுகள் இதே தெருவில் இருக்கின்றன.

மினெர்வாவை நீங்கள் முதலில் பார்த்தது ஆகஸ்ட் கிட்டார் சந்தையில், சதுக்கத்து மேடையில். நான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். குவாதலஹாராவிலிருந்து வருஷா வருஷம் வந்து என் கழுத்துகளை வாங்குகிற வியாபாரி ஒருவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார். அவள் முடித்ததும் என்னிடம் திரும்பி, "செலெரினோ, இந்தக் கைக்கு உன் கழுத்து எதுக்குய்யா? துடைப்பக்கட்டையக் குடுத்தாலும் வாசிக்கும் போல" என்றார். புகழ்ந்துதான் சொன்னார். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் வந்து, நவம்பரில் உங்கள் இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு அவள் வர வேண்டும், தேறினால் மொரேலியாவிலேயே தங்கிப் படிக்கலாம் என்று சொன்னீர்கள்.

அவள் அம்மா எல்வீரா போன பிறகு இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். காலையில் அவள் வாசிப்பாள், நான் அரம் போடுவேன். அவள் போய்விட்டால் அரத்தின் சத்தம் மட்டும்தான் மிச்சம். எந்த அப்பனுக்கும் வருகிற பயம்தானே இது. நான் கத்தவில்லை, தடுக்கவில்லை. "தேர்வுக்கு அப்பா புதுக் கிட்டார் செஞ்சு தரேன் கண்ணு" என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பழைய கிட்டாரைச் சந்தையின் கடைசி நாளிலேயே விற்றுவிட்டேன்.

பொடி பூசி அவளைப் பிடிக்கச் சொன்னேன். சின்னக் கை அவளுக்கு, அம்மாவின் கை. நீலம் எங்கே விழுந்தது என்று பார்த்தேன். நீலம் விழுந்த இடத்தை விட்டுவிட்டு, விழாத இடத்தைச் சீவினேன். செய்தது அவ்வளவுதான். கட்டைவிரலின் அடிச்சதை அழுந்துகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரப்பு நின்றது. அதற்கு மேல் உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்து, பட்டு மாதிரி ஆக்கினேன். தடவிப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நான் செய்ததிலேயே பார்க்க அழகான கழுத்து அதுதான்.

சில வாரங்களில் வலிக்கிறது என்றாள்.

"பழைய கிட்டார்ல இப்படி இல்லப்பா. கட்டைவிரலுக்குக் கீழ எரியுது."

"பழையதுல நீ விளையாடிட்டு இருந்தே. இது வேலை. வலிக்குதுன்னா கை இன்னும் படியலைன்னு அர்த்தம். கூடக் கொஞ்ச நேரம் வாசி, படிஞ்சிடும்."

அவள் கூடக் கொஞ்ச நேரம் வாசித்தாள். சொன்னதைக் கேட்கிற பெண், அதை மறுக்க முடியாது.

மறுபடியும் வலி என்று வந்தபோது கிட்டாரை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். மிஷினை ஓடவிட்டு ஒரு கழிவுக் கட்டையைத் தேய்த்தேன். சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டுமே. பிறகு கழுத்துக்குப் புதிதாக எண்ணெய் பூசி எடுத்து வந்து, "இப்பப் பிடி" என்றேன். அவள் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, இப்ப லேசா இருக்கு" என்றாள். முகம் மலர்ந்துபோயிற்று. நம்பிக்கை கையை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று அன்றைக்கு எனக்கே வியப்பாக இருந்தது. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் கழிவுக் கட்டையைத்தான் தேய்த்தேன். ஒரே ஒரு தடவை உண்மையிலேயே அரம் போட்டேன், வரப்பின் இரண்டு பக்கமும்.

மனைவியின் தம்பி பிதென்சியோ அடுத்த பட்டறையில் பெட்டி செய்கிறவன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் அவள் வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான்.

"என்ன மச்சான், புள்ளை கையை சூப்பு வைக்கிறியா?"

"தேர்வு வருதில்ல. சாதகம் பண்ணுது."

"சாதகம் பண்ணின கை இப்படியா வீங்கும்? அந்தக் கழுத்துல பொடி போட்டுப் பாத்தியா?"

"நான் செஞ்ச கழுத்து. நீ வேணா போட்டுப் பாரு. பொடி டப்பா அதோ இருக்கு."

அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உன் கழுத்துல நான் பொடி போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் எனக்குக் கழுத்து குடுப்பான்? நான் பெட்டி ஒட்டிப் பொழைக்கிறவன், என்னை விடு" என்று சொல்லிவிட்டுப் போனான். தடுத்திருக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஊர் மரியாதை அவன் கையைக் கட்டிப்போட்டது. இதையும் உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் நடந்ததை நீங்கள் முன்வரிசையில் இருந்து பார்த்தீர்கள். பாட்டின் நடுவில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன, நிமிரவில்லை. அவள் எழுந்து, தலை குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள் என்று கேள்விப்பட்டேன். அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அவளுக்காக மிளகாய் போட்ட மாட்டுக்கறிக் குழம்பும் சோளக் கொழுக்கட்டையும் வைத்திருந்தேன். சாப்பிடவில்லை. என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மனசு லேசாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

உருவாப்பான் நகரத்து டாக்டர் கையைக் கீறிப் பார்த்தார். நரம்பு நசுங்கி வெகு நாளாகிவிட்டது, இனி அந்த இரண்டு விரல்களும் நிமிராது என்றார். நான் இந்த அளவுக்கு நினைக்கவில்லை. தேர்வு தவறிப்போகிற அளவுக்கு மட்டும்தான் நினைத்தேன். ஆனால் டாக்டர் சொன்னபோது எனக்கு அதிர்ச்சி எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன்பிறகு அவள் என்னோடு பட்டறையில் உட்கார்ந்தாள். இடது முழங்கையால் கழுத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு வலது கையால் உப்புத்தாள் போடுவாள். நன்றாகவே செய்தாள். நானும் அவளும் ஒரே வானொலியைக் கேட்டோம், ஒரே பானையில் சாப்பிட்டோம். அந்தக் குவாதலஹாரா வியாபாரி வந்தபோது கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத்தான் பாராட்டினார். அவளைப் பார்த்து, "பாவம் புள்ளை" என்றார். என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் எவை என்று கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன்.

போன மாதம் அவள் தேர்வுக்குச் செய்த அந்தக் கிட்டாரை விற்றுவிடுகிறேன் என்றாள். துடைத்து வைக்க எடுத்தவள், சுவரோரம் நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொடி டப்பாவைத் திறந்தாள். நான் செய்த கழுத்தில் என் மகள் என் கண் முன்னால் பொடி போட்டாள். முடங்கிய கையை மறுகையால் விரித்து, நீலம் பூசி, கழுத்தைப் பிடித்து எடுத்தாள். மரத்தில் ஒரே ஒரு கோடு விழுந்திருந்தது. வேறெங்கும் ஒரு புள்ளிகூட இல்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீங்க பூசிக்கிட்டுப் பிடிங்கப்பா."

பிடித்தேன். எடுத்தபோது கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை என் உள்ளங்கை முழுசாக அந்த மரத்தில் பதிந்திருந்தது, ரேகைகூட விட்டுப்போகாமல். என் பெரிய கைக்கு அந்த வரப்பு வரப்பே இல்லை, உள்ளங்கைக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை டீச்சர். சத்தியமாகச் சொல்கிறேன்.

"உங்க கைக்குத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். துணிமணிகளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பிதென்சியோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் என்னிடம் பெட்டிக்குக் கழுத்து வாங்குவதில்லை.

தெரிந்தே செய்தீர்களா என்பதுதான் உங்கள் கேள்வி. தெரிந்தேதான் செய்தேன். மகளின் கையை நான்தான் கெடுத்தேன். போலீசில் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், வந்து இதையே சொல்கிறேன். கழுத்தை வைத்து ஒரு கையைக் கெடுக்கலாம் என்று அவர்களுக்குப் புரியவைப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆனால் அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள், தந்திகளை மாற்றிக் கட்டி, வலது கையால் கழுத்தைப் பிடித்து முதல் பாடத்திலிருந்து மறுபடி கற்றுக்கொள்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்களே, அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான். நீங்கள் வருவதற்கு முன்பே பிதென்சியோவின் மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டாள். வலது கைக்கு என்று செய்யாத கழுத்தில் அவள் எவ்வளவு நாள் வாசிப்பாள்? அந்தக் கையின் அளவு எனக்குத் தெரியும். இத்தனை மாதம் என் பக்கத்தில் உப்புத்தாள் போட்ட கைதானே.

அதனால்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன். மழைக்காலம் என்று பார்க்காமல் அந்த வலது கைக்கு ஒரு கழுத்தை ஆரம்பித்துவிட்டேன், அந்தத் துணியை விலக்கிப் பாருங்கள். ஏறக்குறைய முடிந்துவிட்டது. நீங்களே எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுங்கள், நான் செய்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம். தடவிப் பாருங்கள், எவ்வளவு வழவழப்பு. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். கடைசியில் எடுத்துவிடலாம்.