நிழலுக்கு ஆகாத டெவலப்பர்

உட்காருங்கள் வக்கீலம்மா. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள். இருட்டறை வாடை சிலருக்குத் தலைவலி தரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். என் தம்பியைக் காப்பாற்ற வேண்டிய ஃபிலிமை ஏன் அந்த டெவலப்பரில் கழுவினேன் என்று கேட்டீர்கள். தொழில் தெரிந்த யாரிடமோ நெகட்டிவைக் காட்டியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. நல்ல காரியம்தான்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவுகிற மருந்துதான் டெவலப்பர்; எல்லா டெவலப்பரும் ஒன்றல்ல. வெளிச்சம் போதாமல் எடுத்த படத்துக்கென்று ஒன்று உண்டு. இருட்டுக்குள் இருப்பதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும், ஆனால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். இன்னொன்று மென்மையானது. படம் வழவழவென்று வரும், நிழலில் இருப்பதை மட்டும் விழுங்கிவிடும். என் அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அப்பா போன பிறகு தம்பியை வளர்த்தது நான். கேமரா வாங்கிக் கொடுத்ததும் நான். அவன் எடுப்பான், நான் கழுவுவேன். அரைகுறை வெளிச்சத்தில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, சொதப்பிட்டேன். நீதான் காப்பாத்தணும்" என்பான். ஒவ்வொரு முறையும் காப்பாற்றினேன். அப்படிக் காப்பாற்றிய ஒரு படத்துக்குத்தான் அவனுக்குப் பரிசு கிடைத்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில், யார் கழுவியது என்று கேட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எல்லாம் நானேதாங்க. இன்னொருத்தர் கையில குடுத்தா நமக்குத் திருப்தி வராது."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அட போண்ணா, ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது. இதைப் போயி பெருசு பண்றியே" என்று தோளில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். நானும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு அந்தக் கிடங்கு எரிந்தது, காவலாளி செத்துப்போனார். கிடங்கு முதலாளியோடு சண்டை போட்டிருந்த தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் பாட்டு ஒத்திகை நடந்த கூடத்தில், பின்சுவரில் கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்ததாகச் சொன்னான். அவனை யாரும் கவனிக்கவில்லை. பாட்டு வாத்தியார் மட்டும் ஃப்ளாஷ் இல்லாமல் கூடத்தைப் படமெடுத்திருந்தார். அந்த ரோலை நீங்களே என் கையில் கொடுத்தீர்கள்.

"அண்ணே, உங்க தம்பி வாழ்க்கையே இதுலதான் இருக்கு. உங்களை விட்டா ஆளில்லை" என்றீர்கள். அது உண்மைதான்.

கை தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம். தவறவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்ததை நன்றாகப் படித்துவிட்டுத்தான் மென்மையானதை ஊற்றினேன். சூடு சரியாக இருந்தது, நேரம் சரியாக இருந்தது. படம் அருமையாக வந்தது. கடிகாரம் முள்ளோடு தெரிந்தது. பாடுகிறவர்களின் கழுத்து நரம்புகூடத் தெரிந்தது. கடிகாரத்துக்குக் கீழே மட்டும் ஒரே கறுப்பு. நீங்கள் கோர்ட்டில் அதைக் கொடுத்தபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், பாவம். நான் பொய் சாட்சி சொல்லவில்லை. ஃபிலிமைக் கிழிக்கவில்லை. ஃபிலிமை ஒரு தடவைதான் கழுவ முடியும்; இனிமேல் எந்த டெவலப்பரில் போட்டாலும் அவன் அதில் வரமாட்டான், அவ்வளவுதான்.

தண்டனை விதித்த பிறகு சிறைக்குப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தான்.

"நீ கழுவியே வரலைன்னா அதுல நான் விழவே இல்லைன்னுதாண்ணா அர்த்தம். நான்தான் தப்பான இடத்துல நின்னுட்டேன் போல. கழுவறதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் படம் எல்லாமே நீ கழுவினதுதானே" என்றான். பக்கத்தில் நின்ற காவலருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னான்.

என் கண் கலங்கிவிட்டது, வக்கீலம்மா. அங்கேயே அவனை மன்னித்துவிட்டேன்.