ஆறாம் படுக்கை சொன்ன சேதி

இரவு ஒன்றே கால். காவிரிப் பாலம். முன்னாலும் பின்னாலும் ஒரு லாரிகூட இல்லை... கீழே தண்ணீரும் இல்லை, வெறும் மணல். ஸ்ரீரங்கம் பக்கமாக ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது. அதில் ஆசீர்.

உள்ளே ஐசியூவில் நம் ஆட்கள் படுத்திருக்கும்போது இந்தக் கதை வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நெருங்கி உட்காருங்கள்.

ஆசீர் என் நண்பன் விக்டரின் மச்சான். மன்னார்புரம் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உத்தியோகம். என்ன உத்தியோகம் தெரியுமா? ஆறுதல் சொல்வது. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. ஐசியூவுக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள் அல்லவா... இவன் போய் நோயாளியின் கையைப் பிடித்து, சொல்வதைக் கேட்டு, வெளியே நிற்பவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். சட்டைப் பையில் மாதா படம், சமயபுரத்தாள் படம், பிறை போட்ட அட்டை, எல்லாம் இருக்கும். ஆளைப் பார்த்து எடுப்பான். பேச்சு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். "எல்லாரையும் மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க. நிம்மதியா போனாங்க." பாதி நேரம் அவன் பக்கத்திலேயே இருந்ததில்லை.

துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்த பிச்சமுத்து மாடிப்படியில் விழுந்து ஆறாம் படுக்கைக்கு வந்தார். மூன்று நாள் நினைவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் கண் திறந்தார். வெளியே சேதி சொல்ல ஆறுதல் சார் ஒருத்தர் இருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். "அந்த ஆறுதல் சாரக் கூப்பிடும்மா. ஒரு சேதி சொல்லணும்." நர்ஸ் பிரான்சி இரண்டு முறை போன் செய்தாள். நம்ம ஆசீர் துரை கேன்டீனில் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். "வர்றேன் சிஸ்டர், நிம்மதியா இருக்கச் சொல்லுங்க." கை கழுவி, பல் குத்தி, மேலே வந்தபோது பிச்சமுத்துவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

வாசலில் மனைவி வள்ளிக்கண்ணுவும் மகள் கலைமதியும் நின்றார்கள். "என்னங்க சொன்னாரு?"

"எல்லாரையும் மன்னிச்சுட்டேன்னு சொன்னாரும்மா."

கலைமதி மட்டும் கேட்டாள். "எங்கப்பா அப்படிச் சொல்ற ஆளில்லையே சார்." அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தான் கழிசடை.

அந்த அம்மா நம்பிவிட்டார். பிச்சமுத்து வீட்டைவிட்டுத் துரத்தியிருந்த மகன் அஜித்தைக் கூப்பிட்டனுப்பினார். அவன் ஓயாமாரி சுடுகாட்டில் கொள்ளி வைத்தான். பெட்டியோடு வீட்டுக்கும் வந்துவிட்டான்.

அன்று இரவுதான் அந்தப் பாலம்.

பாதிப் பாலத்தில் ஸ்கூட்டரின் பின்சீட் அமுங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி. டெட்டால் வாடை. காதோரம் ஒரு சத்தம். களக்... களக்... களக்... ஆக்சிஜன் வைத்தால் பாட்டில் தண்ணீரில் குமிழி வருமே, அந்தச் சத்தம். திரும்பத் தைரியமில்லை. வாய் மட்டும் பழக்கத்தில், "நிம்மதியா இருங்க" என்றது.

சத்தத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "படியில தள்ளிவிட்டது அஜித். வீட்ட கலை பேருக்கு எழுதிட்டேன்... அடுத்து அவதான். போய்ச் சொல்லிடு."

மாம்பழச் சாலை வெளிச்சம் வந்ததும் பின்சீட் எழும்பியது.

சொன்னானா? சொல்லவில்லை. சொன்னால், அவர் கண் திறந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்களே. வேலை போய்விடுமே. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் கலைமதி வந்தாள். அதே மாடிப்படி. அதே ஆறாம் படுக்கை. இந்த முறை பிரான்சி கூப்பிட்டதும் போனான். கலைமதி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. குனிந்தால் கேட்டிருக்கும்... குனியவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். விடிவதற்குள் போய்விட்டாள்.

வெளியே அஜித் நின்றிருந்தான். "கலை எதும் சொல்லுச்சா சார்?"

ஆசீர் அவன் முகத்தைப் பார்த்தான்.

"எல்லாரையும் மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க தம்பி. நிம்மதியா போனாங்க."

தூ. இவனெல்லாம் ஒரு மனுசன்.

வேலையை விட்டுவிட்டானா என்கிறீர்களா? ஏன் விடப்போகிறான்? நேற்றுகூடப் போனான். ஆனால் ராத்திரி பாலம் வந்ததும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறானாம். ஏன்டா என்று விக்டர் கேட்டிருக்கிறான்.

"மூணு பேருன்னா வண்டி இழுக்க மாட்டேங்குது மச்சான்" என்றானாம்.